வேலை தேடுற ஆளு கூடிக்கிட்டே போகுது, தேடித் தர்ற ஆபீஸ் மட்டும் ஏன் சுருங்குது?

வீரவநல்லூர்_வாய்க்கால் · செவ்வாய் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கிடுங்க.

இன்னைக்கு ஒரு வேலைவாய்ப்பு ஆபீஸுக்குப் போயிருந்தேன். எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன். அங்க இருந்த அக்கா மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவங்க பாவம். நான் படிச்சது எம்.எஸ்சி. கணிதம். வயசு 31. அம்மா பீடி சுத்துறாங்க. உதவித்தொகை வாங்குறவங்க வருசத்துக்கு ஒருக்க சுய உறுதிமொழி ஆவணம் குடுக்கணும்லா, "நான் இன்னமும் சோலி இல்லாமத்தான் இருக்கேன்"னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறது, அதுக்குத்தான் போனேன்.

உள்ள அஞ்சு மேஜை. நாலுல ஆள் இல்ல. ஒரு மேஜையில கம்ப்யூட்டருக்கு பிளாஸ்டிக் உறை, உறை மேல தூசி, தூசியில யாரோ விரலால பூ வரைஞ்சு வச்சிருக்காங்க. இருந்த ஒரே அக்காதான் பதிவு, உதவித்தொகை, போன் எல்லாத்துக்கும். எனக்கு முன்னால பதினேழு பேர்.

காத்துக் கெடந்த நேரத்துல பின்னால இருக்க ஹாலை எட்டிப் பாத்தேன். தன்னார்வ பயிலும் வட்டம், அதாவது போட்டித் தேர்வுக்குச் சொல்லிக் குடுக்கிற வகுப்பு நடக்கிற ஹால். ரெண்டு வருசம் முன்னால அங்கதான் குரூப் 4 வகுப்புக்குப் போனேன். துட்டு கிடையாது. பாதிப் பேரு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. இப்ப நாற்காலியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நைலான் கயித்தால கட்டி வச்சிருக்கு. போர்டுல ஒரு கணக்கு மட்டும் அழியாம நிக்குது. "ராமு ஒரு வேலையை 12 நாளிலும் சோமு அதே வேலையை 18 நாளிலும் முடிப்பர். இருவரும் சேர்ந்து செய்தால்". அதோட நின்னு போச்சு.

அக்காகிட்ட கேட்டேன். "பாடம் எடுக்க வர்ற சாருக்கு மதிப்பூதியம் வரலம்மா, அவரு நின்னுட்டாரு. இங்கயும் ரெண்டு பேரு ரிட்டயர் ஆனாங்க, ஆள் போடல. திரும்ப ஆரம்பிச்சா சொல்லி அனுப்புதோம்"னாங்க. என் நம்பரை எங்கயும் எழுதிக்கிடல.

உதவித்தொகை பத்தித் தெரியாதவங்களுக்குச் சொல்லிருதேன். 2006ல தொடங்கினப்ப பட்டதாரிக்கு மாசம் 300 ரூபாய். இப்ப 600. பதிஞ்சு அஞ்சு வருசம் ஆகியிருக்கணும், குடும்ப வருமானம் வருசத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும், தர்றது மூணு வருசத்துக்குத்தான். இன்ஜினியரிங், மருத்துவம் மாதிரி தொழில் படிப்பு படிச்சவங்களுக்குக் கிடையாது. 600ன்னா ஒரு நாளைக்கு 20 ரூபாய். டவுன் பஸ்ல பொம்பளையாளுக்கு டிக்கெட் இல்லைங்கிறதால எனக்கு அந்த 20 தங்குது. என் தம்பின்னா ஆபீஸுக்குப் போய்ட்டு வாரதுக்கே பத்தாது.

600 பெரிய விசயமில்ல, விடுங்க. அந்த ஹாலைப் பூட்டினதுதான் மனசுக்குக் கெடந்து உறுத்துது. வேலை இல்லாத ஆளுங்க கூடுற நேரத்துல அவங்களுக்குன்னு இருக்க ஒரே இடத்துல ஏன் கை வைக்காங்க? யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சந்திப்புக்காரன் · செவ்வாய் இரவு 9.58

எல்லாத்துக்கும் வெப்சைட் இருக்கே. பதிவு, ரினீவல் எல்லாம் போன்லயே முடியுது. நான் ஆபீஸ் பக்கம் போயி ஆறு வருசம் ஆச்சு. இன்னும் எதுக்கு மேஜை நாற்காலி?


வீரவநல்லூர்_வாய்க்கால் · செவ்வாய் இரவு 10.06

உங்களுக்கு முடியுது. எங்க தெருவுல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க எல்லாம் பிரவுசிங் சென்டர்லதான் பதியுது. 100 ரூபாய் வாங்குறாங்க. மெயில் ஐடி, பாஸ்வேர்டு, போன் நம்பர் எல்லாமே அந்தக் கடை அண்ணனோடது. அவரு கடையை மூடிட்டு கல்ஃப் போய்ட்டாருன்னா பிள்ளைங்க பதிவும் அவரு கூடவே பிளேன் ஏறிரும்.


பேட்டை_லேத் · செவ்வாய் இரவு 10.31

தங்கச்சி, கோவப்படாம கேளுங்க. நான் அந்தப் பக்கம் இருக்கவன். லேத் பட்டறை வச்சிருக்கேன், பன்னெண்டு பேரு வேலை பாக்காங்க. பல வருசம் முன்னால ஒரு வெல்டர் வேணும்னு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பட்டியல் வந்துச்சு. ஆறு பேரு. ஒருத்தன் எம்.ஏ. வரலாறு. ஒருத்தன் ஏற்கெனவே சிங்கப்பூர் போய்ட்டான். ஒருத்தரு வந்தாரு, நிசமாவே வெல்டர்தான், ஆனா கண்ணுல புரை விழுந்திருச்சு, அவரு பதிஞ்சது இருபது வருசத்துக்கு முந்தி. பொறவு எதுக்கு நான் அங்க போறேன்? ஐ.டி.ஐ. வாசல்ல நின்னா சாயந்தரத்துக்குள்ள நாலு பையன் கெடைப்பான். அரசாங்கம் அந்த ஆபீஸைச் சுருக்குதுன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு. நடக்காத வண்டிக்கு எதுக்கு எண்ணெய்?


பழைய_கார்டு · புதன் காலை 6.12

நான் இந்தத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். பெயர் வேண்டாம். பேட்டைக்காரத் தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வண்டி ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் தூக்கம் வருவதில்லை, எழுத நேரம் இருக்கிறது.

இந்த அலுவலகங்கள் 1945ல், சண்டை முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்க ஆரம்பித்தவை. 1948ல் எல்லாருக்கும் கதவைத் திறந்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. செங்கோட்டை நம் பக்கம் வந்த அதே நாள். பிறகு 1959ல் ஒரு சட்டம், 2025 வரை அதுதான் இருந்தது. அரசு நிறுவனங்கள் எல்லாமும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை எங்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றது அது. கட்டாயம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தெரிவித்தால் போதும், எங்கள் பட்டியலிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் கட்டாயம் இருக்கவில்லை. தெரிவிக்காவிட்டால் முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவை 1,000 வரை என்று இருந்தது. மாதச் சம்பளம் 60 ரூபாய்க்குக் குறைவான வேலை என்றால் தெரிவிக்கவே வேண்டாம் என்று ஒரு விலக்கும் அதில் இருந்தது. அந்த 60 ரூபாயை யாரும் திருத்தியதாக எனக்கு நினைவில்லை.

ஆளுக்கு ஒரு எக்ஸ்-1 கார்டு இருக்கும். அது எங்கள் மரப் பெட்டியில். உங்களிடம் தருவது எக்ஸ்-10. பெட்டியைத் திறந்தால் பழைய அட்டையும் கரப்பான் மருந்தும் கலந்த வாசனை அடிக்கும், இப்போதும் மூக்கில் இருக்கிறது. பதியும்போது ஒருவன் எந்தத் தொழிலுக்குத் தகுதி என்று ஒரு குறியீட்டு எண் போடுவோம். அந்த எண்ணைப் போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வரலாறு படித்தவன் அப்பாவின் பட்டறையில் ஐந்து வருடம் வெல்டிங் பிடித்திருப்பான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ரினீவலுக்கு வரும்போது மறுபடி பேசி எண்ணைத் திருத்த வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை கம்பெனிகளிலிருந்து, எத்தனை ஆள், எத்தனை காலியிடம் என்று சொல்லும் ஈ.ஆர்-1 படிவம் வரும், வராத கம்பெனிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். என் காலத்திலேயே இதற்கெல்லாம் ஆள் குறைந்துவிட்டது. முதலில் நேரில் போவது நின்றது. பிறகு பேசுவது நின்றது. கடைசியில் முத்திரை குத்துவது மட்டும் மிச்சம். தம்பிக்கு எம்.ஏ. வரலாறு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

மேலே இரண்டு அடி விழுந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் எடுத்தால் போதாது, பத்திரிகையிலும் அறிவித்து விண்ணப்பித்த எல்லாரையும் பார்க்க வேண்டும் என்றது. ஒரு வகையில் அதுவும் நியாயம். அடுத்தது ஆசிரியர் வேலை. நம் ஜில்லாவில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் பதிவு மூப்பை, அதாவது முந்திப் பதிந்தவருக்கு முதலில் வேலை என்ற முறையை, நம்பி இருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2012ல் தகுதித் தேர்வு வந்தது. 2018ல் அரசாணை 149 வந்து, தகுதித் தேர்வில் தேறியவர்களும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. பதிவு மூப்பு என்ற சொல்லுக்கு அதோடு மதிப்புப் போயிற்று.

ஓய்வுபெறும் வருடம் ஒருவர் ரினீவலுக்கு வந்தார். வயது 56. இடைநிலை ஆசிரியர் பயிற்சி. "இனி ஆர்டர் வராதே அய்யா" என்றேன். "தெரியும் சார், அம்பைக்குக் கல்யாணத்துக்கு வந்தேன், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, அதான்" என்றார். குத்திக் கொடுத்தேன்.


சந்திப்புக்காரன் · புதன் காலை 8.20

500 ரூபாயா?? வண்ணாரப்பேட்டையில ஹெல்மெட் இல்லாம மாட்டுனா 1,000 ரூபாய். காலியிடத்தை மறைக்கிறதுக்கு அதுல பாதிதானா.

அண்ணாச்சி, நீங்க எழுதினதைப் படிச்ச பிறகு நேத்து நான் போட்டது கொஞ்சம் வெளங்காத்தனமா தெரியுது. இருந்தாலும் அழிக்கல, இருக்கட்டும்.


பேட்டை_லேத் · புதன் காலை 9.02

அய்யா சொல்றது வாஸ்தவம். ஆனா பேசுறதுக்கு ஆள் இல்லைன்னா திரும்பவும் ஆபீஸ் தொறந்து ஆள் போட்டா மட்டும் பேசிருவாங்களா? எனக்கு நம்பிக்கை இல்ல.


குறுக்குத்துறை_படித்துறை · புதன் மதியம் 1.15

அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லல. ஏன் இந்த நேரத்துல கை வைக்காங்க? ஏன்னா வரவு குறையுற நேரமும் வேலையில்லாதவன் கூடுற நேரமும் ஒண்ணுதான். கஜானா காலின்னதும் முதல்ல வெட்டுறது யாரு சத்தம் போட மாட்டானோ அவனைத்தான். வேலை பாக்குறவனுக்குச் சங்கம் இருக்கு. வேலை தேடுறவனுக்கு என்ன இருக்கு?

வரிசையாப் பாருங்க. 2001 நவம்பர்ல புது ஆள் எடுக்கத் தடைன்னு அரசாணை. 2006 வரைக்கும் இருந்துச்சு. அந்த அஞ்சு வருசத்துல வயசு தாண்டிப் போனவங்க எங்க வீட்டுலயே ரெண்டு பேரு. தடையை எடுத்த பொறவு வயசு வரம்பை அஞ்சு வருசம் தளர்த்துனாங்க. அண்ணன் அதுக்குள்ள திருப்பூர் போய்ட்டான். 2018ல எந்தப் பதவி தேவையில்லைன்னு கண்டுபிடிக்க ஆதிசேஷய்யா தலைமையில கமிட்டி. பொறவு கொரோனா. 2020 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல வேலையின்மை 49.8 சதவீதம்னு சி.எம்.ஐ.இ.ங்கிற ஆய்வு நிறுவனத்தோட கணக்கு. ரெண்டுல ஒருத்தன் சும்மா இருக்கான். மறு மாசமே அரசு என்ன செஞ்சுது? ஓய்வு வயசை 58ல இருந்து 59 ஆக்குச்சு, புதுப் பதவி உருவாக்கக் கூடாதுன்னு சிக்கன ஆணை போட்டுச்சு. 2021 பிப்ரவரில ஓய்வு வயசு 60. ரிட்டயர் ஆகிறவருக்கு மொத்தமாக் குடுக்க வேண்டிய துட்டைத் தள்ளிப் போட்டாச்சு, அந்த நாற்காலிக்குக் காத்திருந்த பையனையும் சேத்துத் தள்ளியாச்சு.

பழைய_கார்டு அய்யா கோவிக்கக் கூடாது, உங்க ஆளுங்களும் அந்த ரெண்டு வருசத்தை வேண்டாம்னு சொல்லலியே.


நெல்லை_நெஞ்சன் · புதன் மதியம் 1.40

எல்லாம் அவங்க ஆட்சியில நடந்ததையே சொல்லுதியளே வே, 2021க்குப் பொறவு மட்டும் என்ன தேனும் பாலும் ஓடுதா? குரூப் 4க்கு 2024ல அறிவிச்சது 6,244 இடம், விண்ணப்பம் 20 லட்சம். 2025ல அறிவிப்பு வந்தப்ப 3,935 இடம், விண்ணப்பம் 13 லட்சத்துக்கு மேல. ஓய்வு வயசு 60ஐ யாரு திரும்பக் கொறைச்சா? கட்சிக் கொடியைச் சுருட்டி வச்சுட்டுப் பேசுங்க.


குறுக்குத்துறை_படித்துறை · புதன் மதியம் 1.44

யோவ், நான் எங்க கட்சி பேரைச் சொன்னேன்? வருசத்தைத்தான் சொன்னேன். வருசத்தைக் கேட்டதும் உமக்கு ஏன் சுடுது?


மட்டுறுத்துநர் · புதன் மதியம் 2.05

இதுக்கு அப்புறம் வந்த ஒம்பது பதிவை எடுத்திருக்கேன். ரெண்டு பேரும் அரசியல் அறைக்குப் போயி அடிச்சுக்கிடுங்க. இங்க வேலை தேடுறவங்க பேசட்டும்.


கடையநல்லூர்_டு_லீட்ஸ் · புதன் இரவு 11.50

இங்க பனி. தூக்கம் வரல, முழு இழையையும் படிச்சேன்.

இதே கூத்து இங்கிலாந்துலயும் நடந்துச்சு, அப்ப நான் இங்கதான் இருந்தேன். 2008 நெருக்கடிக்குப் பிறகு வேலையில்லாத இளசுகளுக்கு 2009 அக்டோபர்ல ஃபியூச்சர் ஜாப்ஸ் ஃபண்டுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. 18லருந்து 24 வயசு வரைக்கும் உள்ள, ரொம்ப நாளா வேலையில்லாத பிள்ளைங்களுக்கு ஆறு மாச வேலை. வாரம் குறைஞ்சது 25 மணி நேரம், குறைந்தபட்சச் சம்பளம். நம்ம ஊரு நகராட்சி மாதிரி கவுன்சிலும் தொண்டு நிறுவனங்களும் வேலை குடுக்கும், ஒரு வேலைக்கு 6,500 பவுண்டு வரைக்கும் அரசாங்கம் கட்டும். 2010 மே மாசம் ஆட்சி மாறுச்சு. புது அரசு வந்த வேகத்துல முதல்ல வெட்டின திட்டங்கள்ல இதுவும் ஒண்ணு. செலவு அதிகம்னு காரணம். அடுத்த வருசம் கடைசிக்குள்ள வேலையில்லாத இளைஞர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டுச்சு.

அப்ப நான் ஒரு முதியோர் இல்லத்துல ராத்திரி ஷிப்ட் தரை துடைச்சுக்கிட்டு இருந்தேன் (ஊர்ல ஐ.டி.ன்னு சொல்லி வச்சிருந்தோம்). கூட வேலை பாத்த பையனோட தம்பி அந்தத் திட்டத்துல பார்க்ல செடி வெட்டுற வேலைக்குப் போனான். அதுக்கு முன்னால மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டான்னு அவங்க அம்மா அழும். ஆறு மாசமும் காலையில ஏழு மணிக்கு பூட்ஸ் மாட்டிக்கிட்டுப் போனான். அடுத்த வருசம் அதே வயசுல இருந்த அவன் சித்தப்பா பையனுக்கு அந்தத் திட்டம் இல்ல. வாரம் 50 பவுண்டு சொச்சம் உதவித்தொகை, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க ஜாப் சென்டர்ல போய்க் கையெழுத்து, என்னென்ன வேலைக்கு விண்ணப்பம் போட்டோம்னு ஒரு சின்னப் புத்தகத்துல எழுதிக் காட்டணும். ஒரு நாள் லேட்டாப் போனா துட்டை நிறுத்துவாங்க.

சுவாரசியம் என்னன்னா, 2012 நவம்பர்ல அந்த அரசாங்கத்தோட வேலை, ஓய்வூதியத் துறையே இந்தத் திட்டத்தைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. ஒரு ஆளுக்குச் செஞ்ச செலவெல்லாம் கழிச்சு சமூகத்துக்கு நிகர லாபம் சுமார் 7,750 பவுண்டுன்னு. திட்டத்தைக் கொன்ன பிறகு அது நல்ல பிள்ளைன்னு சான்றிதழ்.


பேட்டை_லேத் · வியாழன் காலை 7.35

தம்பி, அது சமூகத்துக்கு லாபம். கஜானாவுக்கு?


கடையநல்லூர்_டு_லீட்ஸ் · வியாழன் காலை 10.10

சரியான இடத்துல பிடிச்சிய அண்ணாச்சி. கஜானாவுக்கு ஆளுக்கு 3,100 பவுண்டு போல கைவிட்டுத்தான் போச்சு, அதே ஆய்வுல இருக்கு. லாபம் அந்தப் பையனுக்கும் அவனை வச்சு வேலை வாங்குனவங்களுக்கும். வெட்டுறவன் தன் நோட்டை மட்டும் பாக்கான், அந்த நோட்டுல இது நஷ்டம்தான். பையன் வீட்டு நோட்டு எவன் கையில இருக்கு?


பேட்டை_லேத் · வியாழன் காலை 10.22

ம். இது யோசிக்க வேண்டியதுதான். ஆனா நானும் என் நோட்டைப் பாத்துத்தான ஆள் எடுக்கேன்.


நாலுமுக்கு · வியாழன் மாலை 6.48

நான் பொதுவா இங்க எழுத மாட்டேன். வாசிக்கிறதோட சரி.

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கமெல்லாம் 2024 ஜூனோட தேயிலை வேலை நின்னது எல்லாருக்கும் தெரியும். எங்க அம்மா அங்கதான் பொறந்தாங்க, பன்னெண்டு வயசுல கூடை தூக்குனாங்க. இப்ப கீழ வாடகை வீட்டுல இருக்கோம். அம்மாவுக்கு 52 வயசு. கைப்பழக்கம் இன்னும் போகல. வீட்டுல சும்மா உக்காந்து டி.வி. பாக்கும்போதும் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேலைத் தலைப்புல எதையோ கிள்ளிக்கிட்டே இருக்கும். அம்மாவுக்கே தெரியாது.

எங்கயாவது பதிஞ்சு வைப்போம்னு ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பையன் "படிப்பு?"ன்னான். அஞ்சாப்பு. "முன் அனுபவம்?"னான். கொழுந்து எடுக்கிறதுன்னாங்க. அவனுக்கு அது என்னன்னு தெரியல. அம்மா வெவரமா சொல்லுதாங்க, ரெண்டு இலையும் ஒரு கொழுந்தும் சேத்துக் கிள்ளணும், முத்துன இலை வந்தா எடைக்காரரு திட்டுவாரு, மழையில அட்டை ஏறும்னு. அவன் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தான். கடைசில "பதிஞ்சாலும் ஒண்ணும் வராதுக்கா, 100 ரூபா எதுக்கு தண்டம்"னு அவனே முடிவு பண்ணிட்டான். கெட்ட பையன் இல்ல. துட்டு வாங்கல. ஆனா அம்மா ஒண்ணுக்கும் ஆக மாட்டாங்கன்னு சொன்னது அவன்தான். அந்தக் கடைக்கு நாங்க போனது அது ஒண்ணைக் கேக்கவா?

பழைய_கார்டு அய்யா, ஒண்ணு கேக்கணும். நீங்க மேஜையில இருந்திருந்தா எங்க அம்மாவுக்கு என்ன எண் போட்டிருப்பிய?


பழைய_கார்டு · வியாழன் இரவு 7.55

தோட்டத் தொழிலுக்கு எண் இருந்தது, அதைப் போட்டிருப்பேன். இந்த ஜில்லாவில் அந்த எண்ணுக்கு இப்போது காலியிடம் வராது, அதையும் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். ஆனால் அதோடு எழுப்பி அனுப்பியிருக்க மாட்டேன். தரம் பார்த்துப் பிரிக்கிற கை, நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கால். அப்பளக் கம்பெனியா, நர்சரித் தோட்டமா, மூலிகைக் கடையா, சத்துணவா என்று நாலு இடம் கேட்டிருப்பேன். நாலில் ஒன்று அமையும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பல நாள் ஒன்றும் அமையாது. என் கார்டுப் பெட்டியில் வேலை கிடைத்து வெளியே போனதைவிட வயதாகி வெளியே போன கார்டுதான் அதிகம், ஒளிக்க என்ன இருக்கிறது.

படித்துறைத் தம்பி கேட்டதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், 58க்குப் பிறகு கிடைத்ததை எங்கள் ஆட்களில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடைத்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். நான் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன், அவ்வளவுதான்.


முக்கூடல்_மைனி · வியாழன் இரவு 8.30

ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை நடக்கிற தனியார் வேலைவாய்ப்பு முகாமைப் பத்தி யாரும் பேசலியே. எங்க நாத்தனார் மக ஒரு முகாம்ல எடுபட்டு ஓசூர் போனா. தங்குற இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே. ஒரு வருசமா நல்லாத்தான் இருக்கா. எல்லாத்தையும் குத்தம் சொல்லக் கூடாது.


வீரவநல்லூர்_வாய்க்கால் · வியாழன் இரவு 9.15

குத்தம் சொல்லல மைனி. நானும் ரெண்டு முகாம் போயிருக்கேன். ஒரு கம்பெனிக்காரரு என் சர்டிபிகேட்டைப் பாத்துட்டு, "எம்.எஸ்சி.ன்னா மூணு மாசத்துல ஓடிருவீங்க, எங்களுக்கு பிளஸ் டூ போதும், வயசும் 25க்குள்ள"ன்னாரு. 18லருந்து 25க்குள்ள, கல்யாணம் ஆகாத, ஊரை விட்டு வரக்கூடிய பிள்ளைன்னா வழி இருக்கு. கங்கைகொண்டான் சிப்காட்ல சோலார் கம்பெனி வந்த பொறவு இங்கயே நெறையப் பொம்பளைப் பிள்ளைங்க போகுது, சந்தோசம்தான். நாங்குநேரிக்குப் பொருளாதார மண்டலம் வரும் வரும்னு நான் ஸ்கூல் படிக்கும்போதே சொன்னாங்க, கடந்து போற ஒவ்வொரு தடவையும் பஸ் ஜன்னல்ல எட்டிப் பாப்பேன். அது கெடக்கட்டும்.

நாலுமுக்கு, உங்க அம்மா கைய எழுதினியள்ல, அதைப் படிச்சுட்டு எங்க அம்மா கையப் பாத்தேன். முறத்தை மடியில வச்சுக்கிட்டு பாதித் தூக்கத்துல இருக்காங்க, கை மட்டும் இலையை உருட்டிக்கிட்டே இருக்கு.

நான் எதுக்கு இந்த இழையைத் தொடங்குனேன்னு ரெண்டு நாளா யோசிக்கேன். அந்த ஹால்ல நான் தேர்வுல தேறல, உண்மையச் சொல்லணும்ல. ஒண்ணரை மார்க்குல போச்சு. ஆனா பத்தரைக்கு வகுப்புன்னா எட்டு மணிக்குத் தலை சீவி, பஸ் பிடிச்சு, டிபன் டப்பா எடுத்துக்கிட்டுப் போவேன். தெருவுல "எங்க போற"ன்னு கேட்டா "கிளாஸுக்கு"ன்னு சொல்லலாம். இப்ப யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்? தாலுகா லைப்ரரிக்குப் போறேன், அங்க பேன் ஓடல.


குறுக்குத்துறை_படித்துறை · வியாழன் இரவு 9.40

தங்கச்சி, பாளை மாவட்ட மைய நூலகத்துக்கு வாங்க. குரூப் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் ஒண்ணு தெனமும் உக்காருது. காலையிலயே போயிரணும், இல்லைன்னா இடம் கெடைக்காது. நெல்லை_நெஞ்சனும் அங்கதான் படிக்கான். எதிரெதிர் மேஜை, மூஞ்சியப் பாத்துக்கிட மாட்டோம்.


நெல்லை_நெஞ்சன் · வியாழன் இரவு 9.43

இவன் சத்தமா வாசிப்பான். அது ஒண்ணுதான் நொம்பலம். மத்தபடி வாங்க. எங்க கூட்டத்துல கணக்குக்கு ஆள் இல்ல.


பேட்டை_லேத் · வியாழன் இரவு 10.05

நாலுமுக்கு தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முன்னீர்பள்ளம் பக்கம் நர்சரி வச்சிருக்காரு. நாத்து பிரிக்க ஆள் எடுப்பாரு, எப்பவும் இல்ல, சீசனுக்குத்தான். கேட்டுப் பாக்கேன். இப்பவே ஆகிரும்னு நெனச்சுக்கிடாதிய. தனிமடல்ல நம்பர் போடுங்க.

அந்தக் கணக்குக்கு விடை என்ன? ராமு சோமு கணக்கு. பட்டறையில ரெண்டு பையனுககிட்ட கேட்டேன், ஒருத்தன் 15ன்னான், ஒருத்தன் 30ன்னான்.


வீரவநல்லூர்_வாய்க்கால் · வியாழன் இரவு 10.09

7 நாளும் இன்னொரு நாள்ல அஞ்சுல ஒரு பங்கும் அண்ணாச்சி. 30ன்னு சொன்னவனை மட்டும் சம்பளக் கணக்கு எழுத விட்டுராதிய.


சும்மா_வந்தேன் · வெள்ளி காலை 11.20

புதுசா சேந்திருக்கேன், தப்பா நெனைக்காதிய. இழையை முழுசாப் படிக்கல. எம்ப்ளாய்மென்ட் வெப்சைட்ல உள்ள போக முடியல. பழைய கார்டு இருக்கு, கையால எழுதுன நம்பர். பாஸ்வேர்டு எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. யாராவது உதவி செய்வியளா?


பழைய_கார்டு · வெள்ளி காலை 11.31

செய்கிறேன். கார்டில் உள்ள எண்ணை அப்படியே அடித்தால் உள்ளே விடாது. முதலில் மாவட்டக் குறியீடு, பிறகு பதிந்த ஆண்டு நான்கு இலக்கமாக, ஆண் என்றால் எம், பெண் என்றால் எஃப், அதன் பிறகு உங்கள் எண். எண் எட்டு இலக்கமாக வரும்படி முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும். 7502 என்றால் முன்னால் நான்கு சுழியம். பாஸ்வேர்டு நீங்கள் மாற்றாமல் இருந்தால் பிறந்த தேதிதான், நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில். அவசரப்படாமல் அடியுங்கள், நான் இருக்கிறேன்.


சும்மா_வந்தேன் · வெள்ளி காலை 11.52

வந்துட்டு அண்ணாச்சி!! மூணாவது தடவையில வந்துட்டு. ரொம்ப நன்றி.


பழைய_கார்டு · வெள்ளி காலை 11.54

நல்லது. வலது பக்கம் ரினீவல் தேதி என்ன காட்டுகிறது?


சும்மா_வந்தேன் · வெள்ளி காலை 11.55

2023 மார்ச்.


பழைய_கார்டு · வெள்ளி மதியம் 12.10

தேதி கடந்துவிட்டது தம்பி. மூப்பு போய்விட்டது என்றுதான் இப்போதைக்கு அர்த்தம். விட்டுப்போனவர்களுக்கு அவ்வப்போது அரசு சிறப்புச் சலுகை கொடுத்து ஆணை போடும். அது வரும்போது பழைய பதிவு இருந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கார்டையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்தால் இதே இழையில் போடுகிறேன்.